பாதரசக் காவல்

மோதிரம் வெளுத்துப்போயிருந்தது.

முதலில் சோப்பு நுரை என்றுதான் நினைத்தாள். குழாயடியில் கையை நீட்டி, நுரை போன பின்னும் நீட்டியபடியே வைத்திருந்து, துண்டால் அழுந்தத் துடைத்து, ஜன்னல் பக்கம் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏழு வருடமாக விரலை விட்டு இறங்காத கல்யாண மோதிரம். உள்வளையத்தில் மட்டும் பழைய மஞ்சள் ஒரு நூலளவு மிச்சமிருந்தது. மற்றதெல்லாம் சாம்பல் வெள்ளை. தங்கத்துக்கும் நரைக்குமா என்ன?

வேறு வீடாக இருந்தால் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். இந்த வீட்டில் அப்படிச் சிரிக்க முடியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே வீட்டில்தான் அவளுடைய மூத்தவன், மூன்று வயதுப் பிள்ளை, கையும் காலும் சிவந்து, தோல் உரிந்து, வெளிச்சத்தைக் கண்டால் வீரிட்டு, கடைசியில் அழக்கூடத் தெம்பில்லாமல் போய்ச் சேர்ந்தான். என்ன நோய் என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்லவில்லை. ஏதோ ஒன்று வீட்டுக்குள் புகுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். இப்போது சின்னவளுக்கு நான்கு வயது. அவளுடைய உள்ளங்கை சிவக்க ஆரம்பித்துப் பத்து நாளாகிறது.

அவள் வீட்டோடு தைக்கிற தையல்காரி. பேக்கரிக்கு மேல்மாடியில் இரண்டு அறை, ஒரு அடுப்படி, நடந்தால் முனகுகிற பழைய மரப்பலகைத் தரை. கீழே அடுப்பு மூட்டிவிட்டால் பலகை இடுக்கு வழியாக ரொட்டி வாசனை ஏறி வந்து துணிகளில் ஒட்டிக்கொள்ளும். அவள் தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனால் பசி எடுக்கிறது என்று வாடிக்கைக்காரர்கள் கேலி செய்வார்கள். அதெல்லாம் ஒரு காலம். ஐந்து மாதமாக ஊசியில் நூல் கோக்க அவளால் முடியவில்லை. நூல் காதுக்கு இந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் போகும், காதுக்குள் மட்டும் போகாது. சின்னவள்தான் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். போன வாரம் அவளுக்கும் கை ஆடியது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்த வாயோடு சின்னவள் அழ ஆரம்பித்து, ஒரு மணி நேரம் நிறுத்தவே இல்லை.

புருஷன் லாரி ஓட்டுகிறவன். குடித்தனமெல்லாம் லாரியோடுதான், வீட்டுக்கு வந்தால் விருந்தாளி. மகன் போனதிலிருந்து அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "இன்னும் என்ன கெட்டுப்போச்சு?" என்று கேட்டுக்கொண்டுதான் நுழைவான். நாளை வருகிறான். மோதிரத்தைப் பார்த்தால் என்ன சொல்வானோ.

ஆனால் மோதிரத்தைச் சரி செய்ய வேண்டுமென்றால் தெருவில் இறங்க வேண்டும். அதுதான் மலையாக நின்றது. முன்பெல்லாம் வாயாடி என்று பேரெடுத்தவள். இப்போது மாடிப்படியில் யாராவது ஏறும் சத்தம் கேட்டாலே மிஷினை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முகம் தெரிந்தவர்கள்கூடக் கண்ணுக்குக் கண் பார்த்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். சாமான் எதுவும் வேண்டுமென்றால் ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவாள், பேக்கரிக்காரர் மனைவி நிரப்பி அனுப்புவாள். ஏன் இந்தப் பயம் என்று அவளுக்கே தெரியவில்லை. துக்கம் என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் அப்படியே எடுத்துக்கொண்டாள்.

வீட்டைக் காக்கத்தான் ஏற்பாடு இருந்ததே. பாதரசம். அவள் பிறந்த வீட்டில் அதை அந்தப் பெயரால் சொல்வதில்லை, 'காவல்' என்பார்கள். மூத்தவன் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது அக்கா முதல் சீசாவைக் கொண்டுவந்தாள். கட்டைவிரல் அளவுச் சீசா, கையில் வாங்கினால் கல்லாகக் கனத்தது. "இதைக் கையில பிடிக்க முடியாது பார், எந்த இடுக்குலயும் புகுந்துடும். கெட்டது வர்ற வழியெல்லாம் இது முன்னாடியே போய் நிக்கும்" என்றாள். நான்கு மூலையிலும் சொட்டு, தரை துடைக்கிற வாளியில் சொட்டு, பிள்ளையின் தலைமாட்டில் சொட்டு. பிள்ளைக்கு உடம்பு சுகமில்லை என்றால் இரும்புக் கரண்டியில் விட்டு அடுப்பில் காட்ட வேண்டும். கரண்டி காலியானால் காவல் காற்றில் ஏறிவிட்டது என்று அர்த்தம். மூத்தவன் படுத்த கடைசி மாதம் அவள் தினமும் கரண்டியைக் காலி செய்தாள். அவன் போன பிறகு, தான் போதுமான அளவு செய்யவில்லை என்று அழுதாள். சின்னவளுக்குக் கை சிவந்த நாளிலிருந்து காலையும் மாலையும் காட்டுகிறாள்.

மதியம் மூன்று மணிக்கு, தெருவில் ஆள் குறைவாக இருக்கும் நேரம் பார்த்து, சின்னவளை இழுத்துக்கொண்டு சுவரோரமாக நடந்து, அடுத்த தெரு நகைப் பத்தர் கடைக்குப் போனாள். வெயிலில் சின்னவள் கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்று அவள் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பத்தர் அறுபது தாண்டியவர். மோதிரத்தை வாங்கி நகத்தால் சுரண்டினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இது எங்கேம்மா இருந்துச்சு?"

"விரல்லதான் ஐயா. கழட்டினதே இல்லை."

"பாதரசம் ஏறியிருக்கு. தங்கத்தைக் கண்டா அது விடாது, தொத்திக்கும். வீட்ல காய்ச்சல் பாக்குற குச்சி ஏதாவது உடைஞ்சுதா?"

அவள் குனிந்துகொண்டாள். "இல்லைங்க. காவலுக்குக் கொஞ்சம் தெளிப்போம்."

"கொஞ்சம்னா?"

"மாசம் ஒரு சீசா. அப்புறம் கரண்டியில விட்டு அடுப்புல காட்டுவோம்."

பத்தர் மோதிரத்தை மேஜையில் வைத்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். பிறகு எழுந்து வந்து, முட்டி போட்டு, "பாப்பா, கையைக் காட்டு" என்றார். சின்னவள் காட்டவில்லை. அவரே மெதுவாகப் பிரித்துப் பார்த்தார். விரல் நுனிகளில் தோல் வெங்காயச் சருகாக உரிந்திருந்தது.

"எங்க அண்ணனும் பத்தர்தான். தங்கத்தூளைப் பாதரசத்துல கூட்டி, வீட்டுக்குள்ளேயே வச்சுச் சுடுவான். பாதரசம் மறைஞ்சுடும். போயிடுச்சுன்னு நெனச்சோம். எங்கேயும் போகலைம்மா. சுவத்துல இருந்துச்சு. பாயில இருந்துச்சு. அவன் பிள்ளைங்க நெஞ்சுல இருந்துச்சு. அதுங்க கையும் இப்படித்தான் இருந்துச்சு."

அவளுக்கு முதலில் ஒன்றும் ஏறவில்லை. ஏறியதும் தலைக்குள் ஏதோ அறுந்தது.

"என் பிள்ளையை நானே கொன்னேன்னு சொல்றீங்களா?"

எதிர்க்கடைக்காரன் எட்டிப் பார்த்தான். இரண்டு பேர் நின்றார்கள். நான்கு கண்கள், ஆறு கண்கள். அவளுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது.

"நான் அப்படிச் சொல்லலை. இந்தப் பிள்ளையை இன்னிக்கே, இப்பவே அந்த வீட்டை விட்டு வெளியே வைங்கன்னு சொல்றேன். பெருக்காதீங்க, துடைக்காதீங்க, எதையும் தூக்கிட்டு வராதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாதரசம்னு சொல்லுங்க. நில்லும்மா... தங்கச்சி!"

அவள் நிற்கவில்லை. மோதிரத்தை வாங்கவும் இல்லை. அத்தனை கண்களையும் முதுகில் சுமந்துகொண்டு ஓட்டமும் நடையுமாக வீடு வந்து, கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள் இரண்டையும் போட்டு, கதவிலேயே சாய்ந்து உட்கார்ந்தாள். போன உயிர் திரும்பி வந்தது. வீட்டுக்குள் இருந்தால்தான் அவளால் மூச்சு விட முடிந்தது.

அப்போதுதான் தரையைப் பார்த்தாள்.

தினமும் நடக்கிற தரைதான். ஆனால் அவள் தினமும் அதை மேலிருந்து பார்த்தாள். இப்போது உட்கார்ந்திருந்தாள், மேற்கு ஜன்னல் வெயில் பலகைகளின் மேல் படுத்துக் கிடந்தது. ஒவ்வொரு பலகை இடுக்கிலும் வெள்ளிச் சரடு ஓடியது. மிஷின் காலடியில், அலமாரிக்குக் கீழே, சின்னவளின் துணிப் பொம்மையின் மடியில், கடுகும் கடுகில் பாதியுமாகக் கணக்கில்லாத மணிகள், எல்லாம் மினுக்கென்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. வாசனை என்று எதுவும் இல்லை. கீழே மாலை ரொட்டிக்கு அடுப்பு மூட்டியிருந்தார்கள். புது ரொட்டி மணம் மட்டும் அறை நிறைய இருந்தது.

பெருக்காதே என்றவர் ஏன் என்று சொல்லவில்லை. வீட்டில் எது சிந்தினாலும் பெருக்கித்தான் அவளுக்குப் பழக்கம். துடைப்பத்தை எடுத்தாள். முதல் இழுப்பில் ஒரு மணி நூறானது. அடுத்த இழுப்பில் நூறு தூசாகிப் பறந்தது. மூலையில் கூட்டினால் ஈர்க்குகளுக்கு நடுவே நழுவிப் பின்னால் ஓடியது. முறத்தில் அள்ளினால் முறத்தின் விளிம்பைத் தாண்டிக் குதித்தது. முட்டி போட்டுக் கையால் வழித்தாள். சிரித்துக்கொண்டே விரலிடுக்கில் வழிந்தது. சிரித்தது யார்? சின்னவள். கட்டிலில் உட்கார்ந்து, அம்மா விளையாடுகிறாள் என்று கைதட்டிக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, காவல்தான் விஷமாம். பெரியவன் அதுலதான் போனானாம். அக்கா, நான் என்ன பண்ணுவேன்?"

அக்காவுக்குப் பல்லெல்லாம் விழுந்து வருடமாகிறது, நாற்பது வயதுகூட ஆகவில்லை. பேச்சு குழறியது.

"வெளியாளு பேச்சைக் கேக்காதே. யாரையும் உள்ளே விடாதே. நானும் விடுறதில்லை. இன்னொரு சீசா குடுத்தனுப்புறேன்."

அவள் போனைக் கீழே வைத்தாள். அக்கா பேசியது தன் குரலிலேயே கேட்டதுபோல இருந்தது. யாரையும் உள்ளே விடாதே. தினம் தினம் தன் தலைக்குள் ஓடுகிற அதே சொற்கள். இது துக்கமில்லை. இந்தப் பயம் தன்னுடையதே இல்லை. ஆறு வருடமாகச் சொட்டுச் சொட்டாக ஊற்றி வளர்த்தது.

"குட்டி, செருப்பைப் போடு. போறோம்."

சொல்லும்போதே பார்த்தாள். துடைப்பத்துக்குத் தப்பிய மணிகள் நிற்கவில்லை. பழைய கட்டடம், தரை ஒரு பக்கம் சாய்வு. எல்லாம் ஒரே திசையில், அவசரமில்லாமல், ஒன்றையொன்று தொட்டு ஒன்றாகி உருண்டு போய்க்கொண்டிருந்தன. பிள்ளைகளின் கட்டிலுக்கு அடியில் போய் மறைந்தன.

அதைக் கதகதப்பு மூலை என்பார்கள். பேக்கரி அடுப்பின் புகைக்கூண்டு அந்தச் சுவருக்குள் ஏறிப் போகிறது. குளிர்காலத்தில் வீட்டிலேயே சூடான இடம் அதுதான், அதனால்தான் முதலில் தொட்டிலையும் பிறகு கட்டிலையும் அங்கே போட்டாள். வீட்டில் எது நல்ல இடமோ அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள்.

கட்டிலை இழுத்தாள். அடியில் ஒரு பலகை மற்றவற்றைவிடத் தாழ்ந்திருந்தது. போய்விடலாம், பார்க்க வேண்டாம் என்று ஒரு மனம் கெஞ்சியது. துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலை இடுக்கில் விட்டு நெம்பினாள். ஆணி முனகியது. பலகை எழும்பியது. முகத்தில் வெதுவெதுப்பான காற்று அடித்தது.

உள்ளே குளம்.

இரண்டு கை சேர்த்து அள்ளுகிற அளவு. ஆடாமல் அசையாமல், அறையின் கூரையை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டு. ஆறு வருடத்துக் காவலில் காற்றில் ஏறாததெல்லாம் இங்கே வந்து சேர்ந்துகொண்டிருந்தது. பிள்ளைகளின் மூக்குக்கு நேர் கீழே. கீழே அடுப்பு அதைச் சுட்டுக்கொண்டே இருந்தது. அவள் கரண்டியில் காலையும் மாலையும் செய்ததை, இந்த மூலை இடைவிடாமல் செய்துகொண்டிருந்தது.

அதன் மேல் ஏதோ மிதந்தது. முதலில் அரிசி என்று நினைத்தாள்.

பற்கள். சின்னஞ்சிறு பால்பற்கள். ஏழோ எட்டோ. மூழ்காமல், நனையாமல், மெதுவாகச் சுற்றிக்கொண்டு. கடைசி மாதம் மூத்தவனின் முன்பற்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. விழுங்கிவிட்டான் என்று நினைத்திருந்தாள். எட்டு இல்லை. ஒன்பது. ஒன்பதாவதன் வேரில் இரத்தம் இன்னும் சிவப்பாக இருந்தது.

"குட்டி." அவள் முகவாயைப் பிடித்தாள். "குட்டி, வாயைத் திற."

சின்னவள் திறந்தாள். கீழ்வரிசையில் ஒரு சந்து.

"எப்போ விழுந்துச்சு?"

"ராத்திரி."

"ஏன் அம்மாகிட்ட சொல்லலை?"

"அண்ணன் கேட்டான். குடுத்துட்டேன்."

அண்ணன் போனபோது இவளுக்கு இரண்டு வயது. அவன் முகம்கூட நினைவிருக்காது. எந்த அண்ணன், எங்கே என்று அவள் கேட்கவில்லை. சின்னவளே உரிந்த விரலால் பலகை இடுக்கைக் காட்டினாள்.

அப்படியே அள்ளித் தூக்கிக்கொண்டாள். பை வேண்டாம். செருப்பு வேண்டாம். உரிந்த கைகள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டன. நாலு எட்டில் கதவு. பதினாறு படி. தெரு. ஆஸ்பத்திரி. பாதரசம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். இந்த ஒன்றையாவது காப்பாற்றிவிட வேண்டும், கடவுளே, இந்த ஒன்றையாவது.

கீழ்த் தாழ்ப்பாளை இழுத்துவிட்டாள். மேல் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

மாடிப்படியில் காலடிச் சத்தம்.

ஒருவர் இல்லை. இரண்டு. மூன்று. படி முனகியது. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்கள். கதவடி இடுக்கில் நிழல்கள் விழுந்தன.

தட்டினார்கள்.

"அம்மா, நான்தான், பத்தர். மோதிரத்தை விட்டுட்டுப் போயிட்டீங்க. கூட நர்ஸம்மாவும் வண்டிக்காரரும் வந்திருக்காங்க. வண்டி கீழே நிக்குது. கதவைத் திறங்க."

திற என்றாள் தனக்குள். நல்ல மனிதர். உதவிக்கு வந்திருக்கிறார். இழு. ஒரு விரல் அகலம்தான். கை தாழ்ப்பாளுக்கு இந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கம் போனது. இரும்பு கடகடவென்று ஆடியது. மூன்று பேர். ஆறு கண்கள். திறந்தால் ஆறும் அவள் மேல் விழும். உன் பிள்ளையை நீயேதான் என்று ஆறும் சொல்லும். இது பயமில்லை, விஷம். விஷம்தான். தெரியும். தெரிந்து என்ன செய்ய?

"வேண்டாம்மா." சின்னவள் அவள் தோளைக் கடித்தாள். "திறக்காதே. அவங்க வேண்டாம். அவங்க வேண்டாம்."

அதே குரல். அக்காவின் குரல். தன் குரல். நான்கு வயதில்.

"தங்கச்சி, உள்ளேதான் இருக்கீங்கன்னு தெரியும். பிள்ளையை மட்டுமாவது குடுங்க!"

பிள்ளையை மட்டுமாவது. ஆமாம். அதைச் செய்யலாம். கண்ணை மூடிக்கொண்டு, கதவை ஒரு கோடு திறந்து, வெளியே தள்ளிவிட்டால் போதும். கையை உயர்த்தினாள். மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். தாழ்ப்பாள் அசைந்தது. பாதி வந்தது. முக்கால்.

கதவை யாரோ தோளால் இடித்தார்கள்.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். அடுத்துத் தெரிந்தபோது தாழ்ப்பாள் இரண்டும் மறுபடி பூட்டிக் கிடந்தன. போட்டது அவள் கைகள். நடுக்கமே இல்லாமல் போட்டிருந்தன. தையல் மிஷினைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தாள். அதை எப்போது இழுத்தாள்? சின்னவள் இடுப்பில் இல்லை.

"குட்டி?"

"இங்கேம்மா. வா. இங்கே சூடா இருக்கு."

மூலையில் படுத்திருந்தாள். தூக்கிய பலகைக்குப் பக்கத்தில், குப்புற, பள்ளத்துக்குள் முகத்தை நீட்டி. யாரோடோ மெல்லப் பேசிக்கொண்டு.

தூக்கு. தூக்கிக்கொண்டு ஓடு. எங்கே? கதவில் அவர்கள். ஜன்னலில் தெரு, தெரு நிறைய ஆட்கள், எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். வீடு முழுக்கத் தேடினாள். அந்தக் கண்கள் எட்டாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

தவழ்ந்து போனாள். சின்னவளுக்குப் பக்கத்தில் படுத்தாள். கட்டிலிலிருந்து கம்பளியை இழுத்து, இரண்டு பேர் தலைக்கும் மேலாக, பள்ளத்தையும் சேர்த்துப் போர்த்தினாள். ஓரங்களை ஒவ்வொன்றாக உடம்புக்கு அடியில் செருகினாள். ஒரு கோடு வெளிச்சம் இல்லை. காற்று நுழைய வழியில்லை.

"சத்தம் போடாதே" என்றாள். "நாம இங்கே இல்லை."

"அண்ணனும் இல்லையா?"

"யாரும் இல்லை. மூச்சை நல்லா இழுத்து விடு. தூங்கு."

சின்னவள் சொன்னபடி மூச்சை நன்றாக இழுத்தாள். இருட்டில் ரொட்டி மணத்தது. கதவு இடிபட்டது. ஒவ்வொரு இடிக்கும் அவர்கள் முகத்துக்கு ஒரு சாண் கீழே குளம் சிலிர்த்தது, பற்கள் ஒன்றோடொன்று மெல்ல மோதின, அவள் மகளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.